ஸ்கேன் எடுக்கும் கைக்கும் படிப்பு வேண்டும்

துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் என்று ஒன்று 2021இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் அட்டவணையில் கதிரியக்கப் பிரிவைப் பாருங்கள். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் எடுப்பவர்களோடு ‘டயக்னாஸ்டிக் மெடிக்கல் சோனோகிராபர்’ என்றும் ஒரு பெயர் இருக்கும். டாக்டர் அல்ல, ஆனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பதை மட்டுமே முறையாகப் படித்துத் தேறியவர். கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் பார்ப்பது அந்த வேலைதான். உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் இதே புரோபை இதே கையால் திண்டுக்கல்லில் பிடித்தால் போலீஸ் வரலாம்.

காரணம் எல்லோரும் அறிந்ததுதான். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், 2003இல் அதற்கு வந்த திருத்தமும், பின்னால் வந்த விதிகளும் அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தை யார் இயக்கலாம் என்று வரையறுத்துவிட்டன. கதிரியக்கம், மகப்பேறு போன்றவற்றில் மேற்படிப்பு முடித்த டாக்டர்கள் இயக்கலாம். 6 மாதப் பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டரும் இயக்கலாம். அதோடு சரி. ‘கர்ப்பிணிகளுக்குத்தானே அந்தச் சட்டம், தைராய்டுக்கும் கல்லீரலுக்கும் என்ன வந்தது?’ என்று கேட்கத் தோன்றும். கருவைப் பார்க்கக்கூடிய இயந்திரம் என்றாலே அது பதிவுக்குள் வந்துவிடுகிறது. அப்படிப் பதிவான ஸ்கேன் சென்டரில் டாக்டர் அல்லாதவர் புரோபைத் தொட நடைமுறையில் வழியே இல்லை.

ஆக, 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்திருக்கிறது. அந்தத் தொழிலைச் செய்ய 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாகப் படித்தவர் யாராவது உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ரேடியாலஜி படித்தவள். எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலும் வேலை பழகினோம். அல்ட்ராசவுண்ட் மட்டும் புத்தகத்தில் இருந்தது, தேர்வில் பத்து மார்க் கேள்வியாக வந்தது, அவ்வளவே. படிப்பு முடிந்ததும் ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தேன். ஜெல் தடவுவது, கர்ப்பிணிகளுக்கு அந்தச் சட்டம் கேட்கும் ஃபார்ம் எஃப் நிரப்புவது, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிப்பது, இவைதான் வேலை. “லிவர் நார்மல் சைஸ், ஐ.எச்.பி.ஆர். நாட் டைலேட்டட், ஜி.பி. நார்மல், நெக்ஸ்ட்” என்று அவர் சொல்வது நான் அடிப்பதற்குள் முடிந்துவிடும். அவர் கெட்டிக்காரர், அதில் ஐயமே இல்லை. காலையில் இரண்டு சென்டர், மாலையில் எங்கள் சென்டர். அவர் கார் வந்து நிற்கும்வரை பெண்கள் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு பெஞ்சில் நெளிந்துகொண்டிருப்பார்கள். ‘இனி முடியாதும்மா’ என்று எழுந்து போய்விட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தண்ணீர்.

அவருடைய நேரம் எதற்குச் செலவானது என்பதை அப்போதே பார்த்தேன். படத்தைப் படிப்பதற்குச் சில நொடிகள்தான். மற்றதெல்லாம் படத்தைப் பிடிப்பதற்கு: ஜெல்லைச் சரிசெய்து, ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று மூன்று முறை கேட்டு, திரும்பிப் படுக்கச் சொல்லி, குடல் வாயு விலகக் காத்திருந்து, அளந்து. உலகின் பல நாடுகளில் இந்த இரண்டாவது பாதி தனித்தொழிலாகி அரை நூற்றாண்டு ஆகிறது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மெக்விக்கரும் வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் பார்த்த கட்டுரையை 1958இல் ‘லான்செட்’ வெளியிட்டது. அடுத்த இருபது ஆண்டுகள் ஆவதற்குள், 1975இல், அமெரிக்காவில் சோனோகிராபர்களுக்குத் தேர்வு வைத்துப் பதிவு செய்ய ஒரு அமைப்பே உருவாகிவிட்டது.

திருமணமாகிக் கனடா வந்த பிறகு நானும் சோனோகிராபர் படிப்பில் சேர்ந்தேன். எங்கள் ஊர் பி.எஸ்சி.யால் அங்கே எனக்குக் கிடைத்த சலுகை, இயற்பியல் வகுப்பில் பயப்படாமல் உட்கார்ந்தது ஒன்றுதான்.

அந்த இயற்பியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒலி உடலின் மென்திசுக்களுக்குள் நொடிக்கு 1,540 மீட்டர் போகும் என்று இயந்திரம் வைத்துக்கொள்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஒலிக்கு 13 மைக்ரோ நொடி. எதிரொலி வந்த நேரத்தைப் பார்த்து ஆழத்தைக் கணக்குப் போட்டுப் புள்ளி வைக்கிறது. ஆனால் கொழுப்பில் ஒலி அதைவிட மெதுவாகப் போகும். அப்போது இயந்திரம் புள்ளியைத் தள்ளி வைக்கும், அளவு மாறும். உதரவிதானம் கண்ணாடி மாதிரி வேலை செய்து, கல்லீரலில் இருக்கும் ஒரு கட்டியை நுரையீரல் பக்கத்திலும் இன்னொன்றாகக் காட்டும். பித்தப்பையின் வளைந்த ஓரத்தில் ஒலி விலகிப்போய், கல்லே இல்லாத இடத்தில் கல்லின் நிழல் விழும். இயந்திரம் எப்போதெல்லாம் பொய் சொல்லும் என்பதைப் படிப்பதுதான் முதல் ஆண்டின் பெரும்பகுதி. அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் தெளியும், ஆழம் போய்விடும். குறைத்தால் ஆழம் வரும், தெளிவு போய்விடும். எதிரே படுத்திருப்பவரின் உடம்புக்கு எது சரி என்று ஒவ்வொரு முறையும் கைதான் முடிவெடுக்க வேண்டும்.

பிறகு லேப். அங்கே நாங்களே நோயாளிகள், நாங்களே சோனோகிராபர்கள். வெறும் வயிற்றோடு வந்து ஒருவர் மாற்றி ஒருவர் படுப்போம். கூடப் படித்த எல்லோருடைய பித்தப்பையும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, பெயர்கள்தான் மறந்துவிட்டன. கணையத்தைப் பிடிக்க முடியாமல் அழுதவர்கள் உண்டு. அது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், முன்னால் வாயு நிற்கும். தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரைப்பையை நிரப்பி, அதையே ஜன்னலாக்கிப் பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தலாம், எந்தச் சாய்வில் புரோபைத் திருப்பினால் மண்ணீரல் சிரை நீளவாக்கில் விரியும் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. சொல்லித் தருபவர் நம் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டுவார்.

எங்களுக்கு வகுப்பெடுத்த ஓர் அம்மையார் எந்த நோயாளியையும் உருட்டாமல் பித்தப்பையை முடிக்க விட மாட்டார். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால், கல்லாக இருந்தால் உருண்டு இடம் மாறும். சுவரில் ஒட்டிய சதை வளர்ச்சியானால் அசையாது. பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் சிக்கிய சின்னக் கல், மல்லாந்து படுத்திருக்கும்போது கண்ணில் படாமலே போய்விடலாம். உருட்ட அரை நிமிடம் கூடுதலாக ஆகும். எங்கள் ஊர் சென்டரில் அந்த அரை நிமிடம் யாரிடமும் இருந்ததில்லை.

அதன் பிறகுதான் மருத்துவமனைப் பயிற்சி. மாதக்கணக்கில், முழுநேரம். கல்லீரல், சிறுநீரகம், பெருந்தமனி, கருப்பை, தைராய்டு, கால் இரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்காட்டி, மேற்பார்வையாளரிடம் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் நாடு தழுவிய தேர்வு. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலம் முழுவதும் சம்பளம் கிடையாது, கல்லூரிக் கட்டணத்தையும் நாம்தான் கட்டுகிறோம். இரவில் காபிக் கடையில் நின்று சம்பாதித்துப் பகலில் புரோப் பிடித்தவர்களோடு நான் படித்தேன். இந்த ஏற்பாட்டை யாரும் இங்கிருந்து காப்பியடிக்க வேண்டாம்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சி.டி. எடுத்தால் உடலின் அந்தப் பகுதி முழுவதும் பதிவாகிவிடும். எடுத்தவர் கவனிக்காததைப் பார்ப்பவர் நாளைக்கும் கண்டுபிடிக்கலாம். அல்ட்ராசவுண்டில் அது நடக்காது. பூட்டிய வீட்டைச் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரிதான். கை போகாத மூலையைப் பின்னால் எந்த நிபுணராலும் பார்க்க முடியாது. அதனால்தான் டாக்டரே எடுக்க வேண்டும் என்பார்கள் கதிரியக்க நிபுணர்கள். நிதானமாக எடுக்கும் நல்ல நிபுணர் ஒருவர் கிடைத்தால் நானும் அவரிடமே போய்ப் படுப்பேன். ஆனால் கையின் பயிற்சி இவ்வளவு முக்கியம் என்றால், இது என்ன நியாயம்? எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு 2014ஆம் ஆண்டு விதிகள் கேட்பது 6 மாதம், 300 மணி நேரம்தான். இரண்டு, மூன்று ஆண்டு இதையே படித்தவரை மட்டும் வாசலிலேயே நிறுத்துகிறோம். மருத்துவ அறிவு டாக்டருக்கு அதிகம்தான். கணையத்தைப் பிடிக்க மருத்துவ அறிவு மட்டும் போதாது.

வேலைப் பிரிவினை எப்படி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பல சோனோகிராபர்கள் ரிப்போர்ட்டையும் தாங்களே எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கனடாவில் அப்படி இல்லை. நான் படங்களும் அளவுகளும் எடுத்து, கண்டதைக் குறிப்பாக எழுதி வைப்பேன். கதிரியக்க நிபுணர் பார்த்து முடிவு சொல்வார். சந்தேகம் வந்தால் கூப்பிட்டு, ‘வலது சிறுநீரகத்தை இன்னொரு முறை காட்டு’ என்பார். என்னைக் கேட்டால், இந்தியாவுக்கு ஒத்துவருவது இந்த இரண்டாவது முறைதான்.

நோயாளியிடம் பேசாமல் இருப்பதும் படிப்பின் ஒரு பகுதிதான். முடிவைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாக்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். “பிள்ளை, ஏதும் பிழையோ?” “ரிப்போர்ட் உங்கட டொக்டருக்குப் போகும் அம்மா, அவர் சொல்லுவார்.” “உன்ர முகத்தைப் பாத்தாலே தெரியுது” என்று அவர்களே முடிவுக்கு வந்துவிடுவார்கள். கருவில் துடிப்பு நின்றுபோயிருப்பதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருத்திதான். அப்போது கை நடுங்காமல் மற்ற அளவுகளையும் எடுத்து முடித்துவிட்டு, வெளியே போய் டாக்டரை அழைக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் என்ன பேசலாம், எப்படி நிற்கலாம் என்று வகுப்பில் ஒருவரை நோயாளியாக நடிக்க வைத்துப் பழக்கினார்கள். அப்போது சிரித்தோம்.

தோள்பட்டை பற்றியும் ஒரு வார்த்தை. வட அமெரிக்க சோனோகிராபர்களிடம் நடந்த ஆய்வுகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் வலியோடுதான் ஸ்கேன் எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையை உடம்பைவிட்டு அதிகம் விலக்காமல், கட்டிலை உயர்த்தி, நோயாளியை அருகே இழுத்து வேலை செய்யப் பழக்குகிறார்கள். தப்பினால் மார்க் குறையும். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் கோணலாக உட்கார்ந்து ஸ்கேன் பார்க்கும் டாக்டர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, பெரிய ஆட்சேபணைக்கு வருகிறேன். பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன உசிலம்பட்டியை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது சும்மா அல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான். புரோப் பிடிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை கூடினால் கருவின் பாலினத்தைச் சொல்லும் குற்றமும் கூடும் என்ற பயத்தை நான் கேலி செய்யவே மாட்டேன். கல்லீரல் பார்க்கும் புரோப் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் கருப்பை. இது எனக்குத் தெரியாதா?

ஆனால் படிப்புத் தகுதி அந்தக் குற்றத்தைத் தடுத்ததா என்று பாருங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் சிறைத் தண்டனை பெற்றவர்கள் 2006இல் ஹரியானாவின் பல்வல் நகரில் ஒரு டாக்டரும் அவருடைய உதவியாளரும். எம்.பி.பி.எஸ். பட்டம் அங்கே வேலியாக நிற்கவில்லை. தடுக்க முடிந்த இடங்களில் தடுத்தது இயந்திரப் பதிவும், ஃபார்ம் எஃப்பும், திடீர்ச் சோதனையும், ஆளை அனுப்பிப் பொறிவைத்துப் பிடித்ததும்தான். அவற்றையெல்லாம் சோனோகிராபருக்கும் வைக்கலாம். இன்னும் கடுமையாகவே வைக்கலாம். இந்தக் கவலை கனடாவுக்கும் வந்தது. கனடிய மருத்துவச் சங்க இதழின் அப்போதைய பொறுப்பு ஆசிரியர் ராஜேந்திர காலே, 30 வாரம் ஆகும்வரை கருவின் பாலினத்தைப் பெற்றோருக்குச் சொல்லக் கூடாது என்று 2012இல் தலையங்கமே எழுதினார். எங்கள் ஊர்க்காரர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று எனக்கு அப்போது சுருக்கென்று இருந்தது. எழுதியது தவறென்று சொல்ல வாய் வரவில்லை. அதற்காக யாரும் சோனோகிராபர் படிப்பை மூடச் சொல்லவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் எங்களைப் பதிவு செய்து, புகார் வந்தால் விசாரித்து, பதிவை ரத்து செய்யும் அதிகாரமுள்ள அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள்.

நான் கேட்பது முழுக் கதவையும் திறக்கச் சொல்லி அல்ல. கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் டாக்டர்களிடமே இருக்கட்டும். ஒரு தலைமுறைக்காவது இருக்கட்டும். வயிறு, தைராய்டு, சிறுநீரகம், கால் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டு போன்றவற்றை முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டும், கதிரியக்க நிபுணர் அதே கட்டடத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும், பதிவு பெற்ற சோனோகிராபர் எடுக்கலாம் என்று விதியைத் திருத்தினால் போதும். ஒவ்வொரு ஸ்கேனின் ஓடும் படமும் எடுத்தவரின் பதிவு எண்ணோடு சேமிக்கப்பட வேண்டும். புரோப் எங்கே போனது என்று யார் வேண்டுமானாலும் பிறகு பார்க்கலாம். தனியார் சென்டரில் டாக்டர் தனியாக இருந்து எடுக்கும் ஸ்கேனுக்கு இன்றைக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை.

மருத்துவர்கள் எதிர்ப்பார்கள். வருமானம் அதில் ஒரு காரணம் என்று எழுதினால் கோபப்படுவார்கள்; ஆனாலும் அதுதான் உண்மை. அந்த எதிர்ப்பைப் பேசித் தீர்க்கலாம். எனக்கு அதைவிடப் பயம் நம் கல்லூரிகளை நினைத்தால்தான். சட்டம் திருத்தப்பட்ட மறுநாள் ஒவ்வொரு பைபாஸ் ரோட்டிலும் சோனோகிராபி கல்லூரி என்று பெயர்ப்பலகை முளைத்துவிடும். இயந்திரம் ஒன்று, மாணவர்கள் எண்பது. கனடாவில் இந்தப் படிப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்பதற்கு முக்கியமான காரணம், மருத்துவமனைகளில் எத்தனை மாணவர்களுக்குப் பயிற்சி தர முடியுமோ அத்தனை பேரைத்தான் சேர்க்கிறார்கள் என்பது. நம் ஊரிலும் இடங்களின் எண்ணிக்கையைக் கட்டடத்தின் சதுர அடியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எத்தனை இயந்திரம், நாளொன்றுக்கு எத்தனை நோயாளி, கைமேல் கை வைத்துச் சொல்லித்தர எத்தனை பேர் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் திருந்த ஆண்டுகள் ஆகலாம். அதற்குக் காத்திராமல் இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அல்ட்ராசவுண்ட் டிப்ளமோ, சோனோகிராபி சான்றிதழ் என்று விளம்பரம் செய்து ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சேர்க்கும் நிறுவனங்கள் இப்போதே இருக்கின்றன. அம்மாவின் நகையை அடகு வைத்துச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு ஆண்டு கழித்து ஜெல் பாட்டிலோடு நிற்பதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்தப் படிப்பை முடித்தவர் இன்றைய சட்டப்படி இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க முடியாது என்ற ஒரு வரியைச் சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் ஆணை போடட்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.